ஆறு நட்டு, ஒரு பிணம்!

"ஐயோ!"

வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்த ஏட்டு சின்னதுரை அலறினார்.

மல்லாந்து கிடந்த ஜீப்புக்கு அடியில்... திண்டிவனம் மல்லாட்டை எண்ணெய் மில் முதலாளி கோதண்டபாணி. ஸ்டியரிங் கம்பி நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. வாயெல்லாம் ரத்தமும் சேறும்!

ஜீப்பின் முன்பக்க இடது சக்கரம் நூறு கெஜம் தள்ளி, ஒரு கேப்பைக் கொல்லையில் கிடந்தது.

வருஷம் 1946. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில், விழுப்புரம் ரோடு. காலை பத்து மணி.

"இவன்தான்யா எங்கண்ணனக் கொன்னவன்!"

பளார்!

அறைந்தவன் விருத்தாசலம். செத்தவரின் ஒரே தம்பி. அறை வாங்கியவன், விழுப்புரத்திலிருந்து போலீஸ் அழைத்து வந்த மெக்கானிக் மொய்தீன் பிச்சை. கடைவாய்ப் பல் ஒன்று ரத்தத்தோடு வெளியே வந்தது.

அடுத்த உதை வயிற்றில்!

மொய்தீன் சுருண்டு விழுந்தான்.

"விடுய்யா! செத்துத் தொலையப் போறான்!" இன்ஸ்பெக்டர் சவுரிராயன் பிரம்பை நீட்டித் தடுத்தார். "என்ன பாய்... நீதான வண்டிக்கு சக்கரம் மாத்தினது?"

"ஆமாங்கய்யா. பட்டாளத்து ஏலத்துல எடுத்த ஜீப்பு. பெண்ணையாத்து மணல்ல பொதையுது, அகலமா லாரி சக்கரம் போட்டுக் குடுன்னாரு. ஜீப்புல சக்கரம் மாட்டற ஹப்புல அஞ்சு போல்ட்டு. லாரி சக்கரத்துல ஆறு ஓட்டை. ஹப்புல கண்டபடி ஓட்டை போட்டா வெடிச்சிரும். அதான் கெட்டித் தகடு கடைஞ்சு, ஹப்பு மேல முடுக்கி, அதுல ஆறு போல்ட்டு எறக்கினேன். நேத்து சாயந்தரம்தான் மில்லுல வண்டிய விட்டேன்."

"அந்த ஹப்புதான்யா ஒடைஞ்சிருக்குது!" என்று கத்தினான் விருத்தாசலம்.

"ஒடையலய்யா! வந்து பாருங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆறு போல்ட்டும் நேராக நின்றன. நட்டுகளை மட்டும் காணோம்!

"யாரோ கழட்டி விட்டிருக்காங்கய்யா!"

"இல்ல... நீ முடுக்காம விட்டிருப்ப." சவுரிராயன் விலங்கை எடுத்தார். "மறந்து விட்டியா, வேணும்னே விட்டியான்னு ஸ்டேஷன்ல வச்சு கேட்டுக்கறேன். வேணும்னேன்னா தூக்கு பாய்!"

கோட்டக்குப்பத்தில் மொய்தீனின் மனைவி நஃபீசா பீவி நிறைமாதமாக இருக்கிறாள். பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமா... வெட்கத்தை விட்டு அழுதான்.

"ஐயா! பின்னால இருக்கற இடது சக்கரமும் நான் மாட்டினதுதான். அதுல ஒரு நட்டைக் கழட்டச் சொல்லுங்க. முடுக்கியிருக்கேனா இல்லையான்னு தெரிஞ்சிரும்!"

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

அந்தரத்தில் நின்ற சக்கரம் சுழலாமல் மொய்தீன் கட்டிப்பிடித்துக்கொண்டான். சின்னதுரை ஸ்பானரை மாட்டி, இடது பக்கமாக மூச்சைப் பிடித்துத் திருகினார்.

ம்ஹும்!

"பேஜாரா இருக்குதுய்யா... அசையவே மாட்டேங்குது!"

"ஏட்டையா, ஒரு நிமி..."

மொய்தீன் சொல்லி முடிப்பதற்குள் விருத்தாசலம் பாய்ந்தான்.

"நாடகம் ஆடிக்கினு இருக்கான்யா! தள்ளு நீ!"

ஸ்பானரைப் பிடுங்கினான். வலது பக்கமாக ஒரே அழுத்து!

கிறீச்...!

நாலே சுற்றில் நட்டு கழன்று அவன் உள்ளங்கைக்கு வந்தது.

"பாத்தீங்களா? இந்த லட்சணத்துலதான் முடுக்கியிருக்கான்!"

மொய்தீன் வாயைப் பிளந்து அவனையே பார்த்தான்.

"தம்பி... இந்த வண்டிய நீங்க எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான்டா! பதினஞ்சு நாளா திருவெண்ணெய்நல்லூர்ல கரும்பு வெட்டு. பஸ்ல வந்துக்கினு இருந்தேன், கூட்டத்தப் பாத்து எறங்கினேன்!"

"ஐயா!" மொய்தீன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "யாரா இருந்தாலும் நட்டை இடது பக்கம் திருகித்தான் கழட்டுவாங்க. ஏட்டையா மாதிரி. ஆனா ஓடற வண்டியில இடது பக்கச் சக்கரத்துல சாதா நட்டு தானா தளரும். அதனால அந்தப் பக்கம் மட்டும் எதிர் மரை வெட்டினேன். வலது பக்கம் திருகினாத்தான் கழலும். ஏட்டையா கழட்டல... இன்னும் முடுக்கினாரு!"

சவுரிராயனின் கண்கள் சுருங்கின.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். செத்தவருக்கு நேத்து சொன்னேன். அப்புறம்... ராத்திரி மில்லுல பூந்து ஆறு நட்டையும் தளர்த்தி விட்டவனுக்குத் தெரியும்!"

மடார்!

ஸ்பானர் இறங்கியது! சக்கரத்தின் மேலிருந்த மொய்தீனின் மூன்று விரல்கள் நசுங்கின.

"அண்ணன் ரெண்டாம் கல்யாணம் பண்ணுவான்... சொத்துக்கு வாரிசு வரும்... நான் கரும்புக் கொல்லையிலயே கெடந்து சாகணுமா?"

அடுத்த வீச்சு மண்டைக்கு வந்தது. மொய்தீன் குனிந்தான். குனிந்த வேகத்திலேயே எழுந்து அவன் மூக்கில் தலையால் ஒரு முட்டு! எலும்பு நொறுங்கியது. விருத்தாசலம் சேற்றில் மல்லாந்தான்.

சின்னதுரை அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். இன்ஸ்பெக்டர் அவனுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து விலங்கைப் பூட்டினார்.

அவன் துள்ளினான். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் முறுக்கினான்.

சவுரிராயன் சிரித்தார்.

"கஷ்டப்படாத தம்பி... இது எந்தப் பக்கம் திருகினாலும் கழலாது!"