ஒரு மூடி மருந்து

சேட்டுவுக்குத் தினமும் ஒரு மூடி மருந்து. பின்னால் ஒரு வெல்லக்கட்டி. அவன் அக்கா தேவகிக்கு ஒன்றும் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம் அது. ஐந்து வயதுச் சேட்டுவின் கால்கள் வளைந்திருந்தன. எலும்பு உறுதியாகும் என்று யாரோ சொன்னதால், டாக்டரைக் கேட்காமலே, திருத்தணி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வைட்டமின் டி மருந்தை வாங்கி வந்தாள் அம்மா கோவிந்தம்மாள்.

"எனக்கும் குடும்மா," என்றாள் தேவகி. அவளுக்குப் பத்து வயது.

"உன் கால் நேராத்தான கீது?"

"வளைச்சிக்கினு வரட்டுமா?"

அம்மா சிரிக்கவில்லை.

மூன்று வாரத்தில் சேட்டு சோற்றை ஒதுக்கினான். வாந்தி எடுத்தான். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். அம்மா அவனை மடியைவிட்டு இறக்கவே இல்லை. 'மடியும் அவனுக்கேதான்' என்று தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மருந்து பத்தல போல. இனிமே ரெண்டு மூடி குடுக்கணும். புட்டி காலி, போய் வாங்கினு வா," என்றாள் அம்மா.

கடையில் தேவகி, "ரெண்டு புட்டி குடுங்க. ஒண்ணு எனக்கு," என்றாள்.

கடைக்காரர் பரந்தாமன் தெலுங்குக்காரர். அவர் திகைத்தார். "ஆறு மாச மருந்தாச்சே, அதுக்குள்ள தீந்துடுச்சா? ரோஜுக்கி மூடு சுக்கலுன்னுதானே சொன்னேன்?"

பள்ளித் தோழிகளிடம் தெலுங்கு பழகியவள் தேவகி. தினம் மூன்று சொட்டு! காஞ்சிபுரத்தில் பிறந்த அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. மூன்று என்ற 'மூடு' அவள் காதில் 'மூடி' என்று விழுந்திருக்கிறது.

தேவகி ஒரு புட்டியும் வாங்காமல் ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டு அம்மா வெளிறிப்போனாள். "புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. ஆங்னு தலையாட்டிட்டேன். வெளிய சொல்லாதடி. நம்ம குடும்பத்தைப் பத்தி ஊரு என்னா பேசும்?"

"பேசட்டும். நீ வாம்மா," என்ற தேவகி, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு காலிப் புட்டியோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டர் புட்டியைப் படித்துப் பார்த்தார். "இது மிஞ்சினா ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ஏறிடும். சிறுநீரகமே கெட்டுப்போகும். இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா கஷ்டம். இனிமே ஒரு சொட்டும் கூடாது."

பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். வீடு திரும்பிய சேட்டு நேராகத் தேவகியின் தட்டருகே உட்கார்ந்தான். அவளுடைய வறுத்த கருவாட்டை எடுத்து வாயில் போட்டான்.

"டேய், அது அக்காவுது," என்றாள் அம்மா.

"துன்னட்டும் வுடும்மா." தேவகி தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

தட்டை அவன் வழித்துவிட்டான். தேவகியின் வயிறு பாதிதான் நிறைந்தது. ஆனால் எரியவில்லை.