விட்டுவிட்டு வந்த குளிர்

வாடகைக் கார் ஒன்று பட்டறைக்குள் நுழையும்போதே மெக்கானிக் நிதானம் பெருமூச்சு விட்டார். எதற்கும் பதறாதவர் என்று ஊர் வைத்த பெயர் அது. பதறுவதற்கே தெம்பில்லாதவர் என்பது, கூட வேலை பார்க்கும் மச்சானுக்கு மட்டும் தெரியும். காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

காரை ஓட்டிவந்த பெண் இறங்கியதும் கதவில் பட்ட விரல்தடத்தைத் துடைத்தாள். உள்ளே சீட்டுக்கு உறை, உறைக்கு மேல் இன்னோர் உறை.

"ஏசி டக்குன்னு ஓடுது, டக்குன்னு நிக்குது. சவாரி பாதியிலேயே இறங்கிடறாங்க. பகல்ல நான் ஓட்டறேன், ராத்திரி எங்க அக்கா வீட்டுக்காரர். நல்ல கம்ப்ரசரைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிட்டாரு. அதை நீங்க உறுதியா சொல்லிட்டா போதும்."

"மாத்தினதா யாரு சொன்னா?"

"அவர் ஓட்டறப்போ ஒழுங்கா இருக்காம், எனக்கு மட்டும் கெடுமா? அவர் பிள்ளைங்க முன்னாடியே அவரைத் திருடன்னு சொல்லிட்டேன். சாவியை வச்சுட்டுப் போனவர்தான். அக்காவும் பேசறதில்ல."

"கேஸ் கம்மி மாமா. கண்ணை மூடிக்கிட்டு ரொப்பிடலாம்" என்றான் மச்சான். தலைவலி என்று யார் வந்தாலும் அவன் அதைத்தான் சொல்லுவான்.

"கண்ணைத் திறந்துக்கிட்டே பார்ப்போம் மாப்ளே."

அழுத்தமானியை மாட்டினார்கள். கேஸ் குறையவில்லை. நின்ற வண்டியில் ஏசி ஓட ஓட முள் ஏறிக்கொண்டே போய், உச்சத்தைத் தொட்டதும் 'டக்'கென்று கம்ப்ரசர் நின்றது. முள் இறங்கியதும் மறுபடி ஓடியது. விசிறி நன்றாகவே சுற்றியது. நிதானம் டார்ச்சை அடித்து, கம்ப்ரசரைப் பிடித்திருந்த போல்ட்டுகளை வெகுநேரம் பார்த்தார்.

"நெடுஞ்சாலையில போறப்போ நிக்குதாம்மா?"

"இல்ல. சிக்னல்ல நின்னாத்தான்."

"உங்க அக்காவையும் அவரையும் வரச் சொல்லு."

வந்தார்கள். அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. அவர் யாரையுமே பார்க்கவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு கதவோரம் நின்றார். நிதானத்துக்கு அந்த நிற்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"முதல்ல ஒண்ணு. கம்பெனியில போட்ட பெயின்ட் கோடு போல்ட்டுல கலையாம இருக்கு. ஸ்பேனர் பட்டிருந்தா உரிஞ்சிருக்கும். இதை யாருமே கழட்டல."

அக்கா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப ஏன் எனக்கு மட்டும்?" என்றாள் தங்கை.

"ராத்திரி வெளியிலேயே குளிர்ச்சி. வேகமா போனா காத்து தானா அடிச்சு ஏறும். பகல்ல, நின்ன இடத்துலதான் கஷ்டம். அப்படின்னா உள்ள இருக்கற சூடு வெளியேற வழியில்ல. அழுத்தம் ஏறினா தன்னைக் காப்பாத்திக்க அது நின்னுக்கும். வழியை அடைச்சது எது? மாப்ளே, வண்டி மூஞ்சியில தண்ணி அடி."

மச்சான் குழாயைத் திருப்பினான். முன்பக்கத்து ஓட்டைகள் வழியே உள்ளே பாய வேண்டிய தண்ணீர், சுவரில் அடித்ததுபோல் வெளியிலேயே வடிந்தது. நிதானம் முகப்பைக் கழற்றினார். பின்னால் கொசுவலை, இரண்டு மடிப்பாக, ஓரமெல்லாம் நுணுக்கமாகத் தைத்துக் கட்டியிருந்தது. புழுதி ஏறிக் கம்பளியாகிவிட்டிருந்தது.

யார் தைத்தது என்று அவர் கேட்கவில்லை.

"பூச்சி அடிச்சு அசிங்கமாகுதேன்னு..." என்றாள் அவள். "நான்தான்."

வலையை எடுத்ததும் முள் இறங்கி ஓரிடத்தில் நின்றது. குளிர் நிற்காமல் வந்தது. மச்சான் கைதட்டப் போனான், நிதானம் கண்ணாலேயே அடக்கினார். திருடன் ஒருத்தன் கிடைத்திருந்தால் இவ்வளவு அசதியாக இருந்திருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

"தப்பு பண்ணிட்டேன் மாமா" என்று அவள் அக்கா வீட்டுக்காரரிடம் சாவியை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "எங்க சின்னவன் கேட்டான்மா, நிஜமாவே எடுத்தியாப்பான்னு. இல்லடான்னேன். நம்பினானான்னு தெரியல."

அவள் கண் நிறைந்துவிட்டது. அக்காதான் பின்கதவைத் திறந்தாள். அவர் ஏறி, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுக்கு ஓட்டு. முதல்ல அவன்கிட்ட சொல்லு" என்றார். "என்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."