வாசனை இல்லாத களிம்பு

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள்: தூங்கிக்கொண்டிருந்த அப்பா. அவரை எழுப்பிவிடக் கூடாது என்று கிசுகிசுவென்று பேசிய குண்டூசி. கிசுகிசுவென்று பேசவே தெரியாத அவள் தம்பி பூசணி. அப்புறம், அடுப்படியில் அத்தை. அம்மா தையல் ஆலைக்குப் போயிருந்தாள்.

குண்டூசிக்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்துக்கு மட்டும். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று இருக்கும், அதனால் வீட்டில் குண்டூசி. தம்பிக்கு ஏன் பூசணி என்று பெயர் வந்தது என்பதை அவனைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அப்பா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் ராத்திரி முழுக்கப் பாத்திரம் கழுவுகிறவர். விடிந்த பிறகு வந்து படுப்பார். அதனால் அந்த வீட்டில் பகல்தான் ராத்திரி. ஜன்னல் திரையை விலக்கக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. அக்காவும் தம்பியும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டாலும் சத்தமில்லாமல்தான் போடவேண்டும்.

இப்போது அப்பாவுக்கு வேலை இல்லை. ஆனாலும் பகலில்தான் தூக்கம் வந்தது. உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

கொதிக்கிற தண்ணீர், சோப்புத்தூள், எண்ணெய்ப் பிசுக்கு. கூட வேலை பார்த்த மற்றவர்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் தோல் மட்டும் விரல் மடிப்புகளில் பிளந்துகொண்டது. ரப்பர் கையுறை போட்டால் தடித்துப்போகும். கடையில் விற்கும் கிரீம் போட்டால் எரியும். கேண்டீன் மேலாளர் ஒருநாள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கையோட பாத்திரத்தைத் தொடக்கூடாதுப்பா. திங்கக்கிழமை சாயங்காலம் வந்து காட்டு. மூடியிருந்தா உள்ள வா. இல்லன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அதனால்தான் அத்தை வந்திருந்தாள். அத்தை அப்பாவின் அக்கா. அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறாள்.

"கடை கிரீமெல்லாம் குப்பை. நானே பண்றேன், எல்லாம் இயற்கை" என்று சொல்லி, ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தாள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். அதில் தேன்மெழுகு மெல்ல உருகிக்கொண்டிருந்தது.

அத்தை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பிறகு ஒரு குட்டிச் சீசாவிலிருந்து ரோஜா எண்ணெய் விட்டாள். குனிந்து முகர்ந்தாள். இன்னும் விட்டாள்.

"போதும் அத்தை, தும்மல் வருது" என்றாள் குண்டூசி.

"உனக்கென்னடி தெரியும்? எங்க கடைக்கு வர்றவங்க முதல்ல மூக்கைத்தான் கிட்ட கொண்டுவருவாங்க. வாசனை இல்லாத கிரீமை ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"அப்பா மூக்குல போடப்போறதில்லையே?"

"இவ வாய் இருக்கே!" என்றாள் அத்தை.

ஆறியதும் அத்தை கிண்ணத்தோடு போய், தூங்குகிற அப்பாவின் கையில் களிம்பைத் தடவினாள். அவரை எழுப்புவது பாவம் என்று நினைத்தாள். சின்னக் குழந்தைக்குத் தடவுவதுபோல நிதானமாகத் தடவினாள்.

அப்பா கத்திக்கொண்டு எழுந்தார். நேராகக் குழாயடிக்கு ஓடினார்.

"என்னக்கா தடவின? மிளகாயா?"

"ரோஜாடா!"

"ரோஜா செடியோட முள்ளையும் சேத்து அரைச்சியா?"

பூசணி சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை பையைத் தோளில் மாட்டினாள். "வலிச்சாத்தான் ஆறும். தினமும் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாமான்களையெல்லாம் விட்டுவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றாமலே முக்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவின் கை முன்பைவிடச் சிவந்திருந்தது.

"வேற வேலை பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"என்ன வேலை?"

அப்பா யோசித்தார். அம்மாவும் யோசித்தாள். அப்புறம் இரண்டு பேருமே யோசிப்பதை விட்டுவிட்டார்கள். அம்மா எழுந்துபோய் அரிசி கழுவினாள்.

குண்டூசி கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்துத் தன் கையில் தடவினாள். எரியவில்லை. பூசணியின் கையில் தடவினாள். அவன் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அவ்வளவுதான்.

"நமக்கு ஒண்ணும் ஆகலையே, அப்ப இது நல்ல கிரீம்தான?" என்றான் பூசணி.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். படுத்த பிறகுதான் உறைத்தது. நம் கையில் தடவிப் பார்த்து என்ன பிரயோஜனம்? கேண்டீனில் மற்ற எல்லார் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் தோல்தான் வேறு மாதிரி. அப்படியென்றால் அப்பாவின் தோலைத்தான் கேட்கவேண்டும். அதுவும் ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். எல்லாம் சேர்ந்து கத்தினால் யார் கத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

மறுநாள் அப்பா படுக்கப் போகும்போது, "அப்பா, உங்க முழங்கை உட்பக்கத்துல கொஞ்சம் எண்ணெய் வெச்சுப் பாக்கட்டுமா? அங்க வெடிப்பு இல்ல" என்று கேட்டாள்.

"ம்" என்றார் அப்பா. தூக்கக் கலக்கத்தில் அவர் எதற்கும் 'ம்' சொல்வார். இருந்தாலும் கேட்டுவிட்டோம் என்று குண்டூசி திருப்தியடைந்தாள்.

நான்கு இடத்தில் சொட்டு வைத்தாள். தேங்காய் எண்ணெய் தனியாக. மெழுகு கலந்த எண்ணெய் தனியாக. எலுமிச்சைச் சாறு கலந்தது. ரோஜா கலந்தது. எது எது என்று மறந்துவிடாமல் இருக்க, பேனாவால் பக்கத்திலேயே படம் வரையும் வேலையைப் பூசணிக்குக் கொடுத்தாள். தேங்காய், தேனீ, எலுமிச்சை, ரோஜா.

"இது தேனீயா? எலி மாதிரி இருக்கு."

"பறக்கற எலி" என்றான் பூசணி, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அப்பா எழுந்ததும் தன் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாருடா என் கையில காய்கறிக் கடை வெச்சது?"

"கழுவாதீங்கப்பா! நாளைக்கு வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"எலி எதுக்கு?"

"அது தேனீ" என்றார்கள் இருவரும்.

அப்பாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கையை நனைக்காமல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை திரையைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தார்கள். தேங்காய் பக்கத்தில் ஒன்றுமில்லை. தேனீ பக்கத்திலும் ஒன்றுமில்லை. எலுமிச்சைக்கு அருகில் தோல் சிவந்திருந்தது. ரோஜாவுக்கு அருகில் சிவந்து, வீங்கி, சின்னச் சின்னக் கொப்புளங்களாகக் கிளம்பியிருந்தது.

இனி கஷ்டமான வேலை. இதை அத்தையிடம் சொல்லவேண்டும்.

வேலைக்குப் போகும் வழியில் அத்தை எட்டிப் பார்த்தாள். குண்டூசி அப்பாவின் கையைக் காட்டினாள்.

"ரோஜாவா?" என்றாள் அத்தை. "ரோஜா யாரைக் கடிக்கும்?"

"அப்பாவை மட்டும் கடிக்குது அத்தை. என்னைக் கடிக்கல. பூசணியைக் கடிக்கல. உங்க மேல தப்பில்ல."

"நான் எத்தனை பேருக்குத் தடவியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அப்ப என்னோடதைக் குப்பையில கொட்டு" என்று சொல்லி அத்தை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை.

குண்டூசி கெஞ்சவில்லை. அதற்கு நேரமில்லை. அம்மா ஆலைக்குக் கிளம்புமுன் அடுப்பு பற்றவைத்துத் தந்தாள். கிண்ணத்தை அம்மாவே தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு. அவ்வளவுதான். மெழுகு கரைந்ததும் அம்மா இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

ஆறியதும் குண்டூசி ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். விரல் இறங்கவில்லை. நகத்தால் சுரண்டினாள். செங்கல் மாதிரி இருந்தது. பூசணி கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினான். களிம்பு அசையவே இல்லை.

வாசலிலிருந்து குரல் வந்தது. "மெழுகை அள்ளிப் போட்டிருக்கே."

"எவ்வளவு போடணும் அத்தை?"

"அதுல பாதிகூட வேண்டாம்." அத்தை கழுத்தை நீட்டிக் கிண்ணத்தைப் பார்த்தாள். "ஆறும்போது கிண்டிக்கிட்டே இருந்தியா?"

"இல்லையே."

"கிண்டாம எப்படிடி வெண்ணெய் மாதிரி வரும்?" அத்தை செருப்பைக் கழற்றினாள். ஒரு வேலை தப்பாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா நிற்க முடியாது. "தள்ளு. இதைத் திரும்ப உருக்கி, இன்னும் எண்ணெய் விடணும்."

உருக்கினாள். எண்ணெய் விட்டாள். இறக்கி வைத்து, வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு கரண்டியால் அடிக்கத் தொடங்கினாள். களிம்பு மெல்ல மெல்ல வெளுத்து, இறுகி, பஞ்சு போல வந்தது. பழக்க தோஷத்தில் அத்தையின் கை குட்டிச் சீசாவின் பக்கம் போனது.

குண்டூசி அத்தையைப் பார்த்தாள்.

அத்தை சீசாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வாசனையே இல்ல. எனக்குப் பிடிக்கல" என்றாள்.

"அப்பா கைக்குப் பிடிக்கும்" என்றாள் குண்டூசி.

அன்று அப்பாவின் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தடவவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அத்தைதான். மேலே பருத்தித் துணி சுற்றவேண்டும் என்றாள். வீட்டில் இருந்த பருத்தித் துணி அப்பாவின் பழைய காலுறைகள் மட்டும்தான். அவற்றைத் துவைத்துக் கையில் மாட்டினார்கள்.

அப்பா எரியுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். எரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பல்லை விட்டார்.

"அப்பா கையால நடக்கப் போறாரு" என்றான் பூசணி, தன்னால் முடிந்த மெல்லிய குரலில். அப்பா திடுக்கிட்டு எழுந்து, அவனை முறைத்துவிட்டு மறுபடி படுத்தார்.

தினமும் அதையே செய்தார்கள். அந்த நாட்களில் அப்பா பாத்திரத்தைத் தொடவில்லை. பூசணிதான் கழுவினான், முணுமுணுத்துக்கொண்டே. வெடிப்புகளின் ஓரம் மிருதுவானது. பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. கட்டைவிரல் வெடிப்பு மட்டும் அடம்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் மூடி, ஒரு மெல்லிய கோடாக நின்றது.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவோடு குண்டூசியும் அத்தையும் போனார்கள். வழியெல்லாம் அப்பா கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். கேண்டீனின் பின்வாசலில் ஒரு இரும்புக் கதவு. மேலாளர் வெளியே வந்தார். அவருக்கும் தூக்கம் போதவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

அப்பாவின் கைகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலில் நிறுத்தினார்.

மேலாளர் குனிந்து முகர்ந்தார்.

"ஏதோ தடவியிருக்க. ஆனா வாசனையே இல்லையே?"

"இல்ல சார். வெறும் எண்ணெயும் மெழுகும்."

"நல்லது. போன தடவை ஒருத்தன் சென்ட் போட்ட கிரீம் தடவிட்டு வந்தான். டம்ளரெல்லாம் மணக்குதுன்னு என்னை உண்டு இல்லன்னு பண்ணிட்டாங்க."

அத்தை வானத்தைப் பார்த்தாள். குண்டூசி கவனமாகத் தரையைப் பார்த்தாள்.

"கொதிக்கிற தொட்டிக்கு வேற ஆளைப் போட்டுட்டேன். நீ துடைச்சு அடுக்கற பக்கம் நில்லு" என்றார் மேலாளர். "அந்தக் களிம்பைக் கையோட வெச்சுக்க. சீக்கிரம் உள்ள வா, தட்டு மலை மாதிரி கிடக்கு."

அப்பா பெருமூச்சு விட்டார். விடிய விடிய நிற்கவேண்டும். இடுப்பு இப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தை நீட்டிய களிம்பு டப்பாவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதே கையால் குண்டூசியின் கன்னத்தைத் தட்டினார். கை சொரசொரப்பாக இல்லை.

"போய்த் தூங்குடி" என்றார்.

உள்ளே போனார். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் பூட்டு விழுந்தது.