போயிட்டு வாங்க

அடித்த முகவரி யாருடையது என்பது, பட்டனை அழுத்தின பிறகுதான் சங்கரிக்கு உறைத்தது.

சோதனைக்காக ஏதோ ஒரு பெயர், ஏதோ ஒரு ஈமெயில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வாய்க்கு வந்த எதையாவது அடித்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணெரிந்து, யோசனை எங்கேயோ போய்விட, விரல்கள் மட்டும் தங்களுக்குப் பழக்கமான எழுத்துகளைத் தேடிப் போயிருந்தன. பெயர் என்ற கட்டத்தில் லோகேஷ். ஈமெயில் என்ற கட்டத்தில் அவனுடைய முகவரி. அவள் புருஷன் செத்து வருஷத் திதியும் முடிந்துவிட்டிருந்தது.

அந்த முகவரியை மறக்க வழியில்லை. லோகேஷுக்கு டைப் அடிக்க வராது. தினமும் சாயங்காலம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் பின்னால் நின்றுகொண்டு, "என்ன வந்துருக்குது, படி" என்பான். பாஸ்வேர்டில் ஒரு எழுத்து தப்பினால் மண்டையில் குட்டு விழும். அவள் யாரோடு பேசினாள், எதற்குச் சிரித்தாள், எல்லாவற்றுக்கும் விசாரணை உண்டு. ஊருக்கு அவன் தங்கமான மனுஷன். ஊருக்கு என்ன, குட்டு அவர்கள் தலையிலா விழுந்தது? வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதி அவன் போன அன்று, எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள். ராத்திரி தனியாகப் படுத்தபோது, கல்யாணமான நாளிலிருந்து வராத தூக்கம் வந்தது.

அதற்கப்புறம் பிடித்ததுதான் இந்த மாடி அறை. பிள்ளையார்பாளையத்தில், பெரியநாயகி அக்காவின் ஜரிகைக் கடைக்கு மேலே. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன், வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏன் சாத்தினே என்று கேட்க உலகத்தில் யாருமில்லை. அந்தச் சுகத்துக்காக அவள் எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்வாள், யாருடைய ஏச்சையும் கேட்டுக்கொள்வாள்.

இன்று மத்தியானம் இளங்கோவனிடம் ஏச்சுக் கேட்டுக்கொண்டதும் அப்படித்தான். பட்டுக்கடைக்காரர். அமெரிக்காவிலிருந்து வெப்சைட் பார்க்கிறவர்கள் பெயரும் ஈமெயிலும் கொடுத்தால் புதுப் புடவைப் படங்களை அனுப்புவதாகத் திட்டம்.

"வெல்கம்னு எவன்மா போடச் சொன்னான்? கடை வாசல்ல நின்னு நாங்க எப்படிக் கூப்பிடுவோம்? வாங்க, வாங்க, உள்ள வாங்கன்னுதானே? பேரைக் குடுத்த உடனே அவங்களுக்கு அப்படி ஒரு பதில் போவணும். நாளைக்கு ரெடியா இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன். பொம்பளகிட்ட வேலையக் குடுத்தேன் பாரு."

அவர் சொன்னபடியே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, அவள் எழுதியிருந்தாள். வாங்க, உள்ளே வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பதில்தான் இப்போது லோகேஷின் முகவரிக்குப் போயிருந்தது.

போனால் என்ன, எவ்வளவோ நாளாக யாரும் திறக்காத கணக்கு, செத்துப்போயிருக்கும், திரும்பி வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் காத்திருந்தாள். வெளியே ஐப்பசி மழை பகலையே இருட்டாக்கிக்கொண்டு பெய்தது. தெருவில் பாவு நூலை விரிக்க முடியாமல் நெசவுக்காரர்கள் எல்லோரும் உள்ளே அடைந்து கிடந்தார்கள். எதிர்வீட்டுத் தறி மட்டும் விட்டுவிட்டு அடித்தது. சாயப்பட்டறையின் புளித்த வாசனை ஈரக்காற்றோடு ஜன்னல் வழியாக வந்து அறையில் தங்கியது. கடிதம் திரும்பி வரவில்லை. பெயர்கள் சேரும் பக்கத்தைத் திறந்தாள். லோகேஷ் என்ற ஒரு வரி இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி இருந்தது.

பெயர் என்ற இடத்தில் பெயர் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்ததைப் போல, நடுநடுவே இடம்விட்டு, தப்பும் தவறுமாக, 'கீ ழ நிக் கி றேன்' என்று இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள். ஆனால் இந்தப் பக்கத்தின் முகவரி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அழித்தாள். மறுபடி திறந்தபோது அந்த வரி அங்கேயே இருந்தது, அதற்குக் கீழே ஒன்று கூடியிருந்தது.

'கூ ட யா ரு.'

எழுந்து போன் லைனைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மோடத்தின் சின்ன விளக்குகள் அணைந்தன. இனி ஒன்றும் வர வழியில்லை. எதிர்வீட்டுத் தறி நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். மழைச் சத்தத்துக்கு உள்ளே வேறொரு சத்தம் இருந்தது. மாடிப்படியில், செருப்பை இழுத்து இழுத்து, யாரோ அவசரமே இல்லாமல் ஏறும் சத்தம். கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. பன்னீர்ப் புகையிலை. அவன் வாய் வாசனை.

செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியே நின்றது.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. லைன் பிடுங்கிய திரையில் பக்கம் தானாகப் புதிதானது.

'ஏன் சாத் தி னே.'

பயத்தைவிடப் பெரிதாகக் கோபம்தான் வந்தது. இது என் அறை. இங்கேயுமா? பெயரைக் கொடுத்து உள்ளே வந்தவன் பெயரை எடுத்துக்கொண்டுதான் வெளியே போகவேண்டும். பட்டியலிலிருந்து விலகிக்கொள்கிறவர்களுக்கு ஒரு பக்கம் எப்படியும் செய்தாக வேண்டும்; அதை இப்போதே செய்துவிடுவது. லைனைத் திரும்பச் செருகினாள். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, இணைந்தது. கதவைப் பார்க்காமல் எழுதினாள். ஒரு கட்டம். ஒரு பட்டன். அழுத்தினால் பெயர் நீங்கும், விடைகொடுக்கும் பதில் ஒன்று போகும். அதற்கும் ஒரு வரி எழுதி, சர்வரில் ஏற்றி, அவன் முகவரியை அடித்து, அழுத்தினாள்.

பட்டியல் காலியானது.

எல்லா வரிகளும். லோகேஷ் என்ற முதல் வரியும். வெளியே செருப்பு திரும்பியது, படியிறங்கியது, மழையில் கரைந்தது. புகையிலை வாசனையும் போய்விட்டது. சங்கரி மேஜையில் தலைசாய்த்து, சத்தம் போட்டு அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். ஜெயித்துவிட்டாள். செத்தவனை இன்னொரு முறை வழியனுப்பிவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவள் அனுப்பிய விடை திரையில் அப்படியே இருந்தது.

'மிக்க நன்றி. போயிட்டு வாங்க.'

அவசரத்தில் கை எழுதியது. வேறு எப்படி எழுதும்? போங்க என்று யாரை எவர் வழியனுப்புகிறார்கள்? ஆனால் சாவு வீட்டில் மட்டும் யாரும் யாரையும் வாங்க என்பதில்லை. கிளம்புகிறவர்களும் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்துவிடுவார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் அவனை இரண்டு தரம் கூப்பிட்டிருந்தாள்.

மரியாதையாகக் கூப்பிட்டிருந்தாள். வாங்க. ஒருவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், ஊரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

கீழேயிருந்து பெரியநாயகி அக்காவின் குரல் கேட்டது.

"சங்கரி! ஏம்மா, உன் மாமியார் வூட்டு ஜனமா இவங்க? தட்டு வரிசை எடுத்துக்கினு வராங்களே, என்னா விசேஷம்?"

சங்கரி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இவ்ளோ மழை பெய்யுது... ஒருத்தர் மேலயும் ஒரு பொட்டுத் தண்ணி..."

குரல் நின்றது. கடையின் ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

படியில் காலடிகள். ஒன்றல்ல. நிறைய. கொலுசுகள். தட்டுகள் உரசும் சத்தம். பூ வாசனை, மஞ்சள் வாசனை, அடியில் ஈர மண்.

நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். தாழ்ப்பாள் நகர்ந்தது. மெதுவாக. உள்பக்கத்திலிருந்து. நாற்காலி ஓரமாக ஒதுங்கியது.

கதவு திறந்தது.

முன்னால் பெண்கள். மாமியார் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த படங்களில் பார்த்த முகங்கள். எல்லாமே, சின்ன வயதிலேயே செத்துப்போன லோகேஷின் தங்கை உட்பட. படத்தில் இருந்ததைப் போலவே, இமைக்காமல். தட்டுகளில் பூ, வளையல், கூறைப் புடவை. பெண் அழைக்க வந்திருந்தார்கள். அறை நிறைந்தது. நகர இடமில்லை.

விலகி வழிவிட்டார்கள். லோகேஷ் வந்தான்.

கையில் புது மஞ்சள் கயிறு. அதில், கருமாதியன்று அவள் கழுத்திலிருந்து கழற்றிப் பாலில் போட்ட தாலி. பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"குனி" என்றான்.

பின்னாலிருந்து, நாத்தனார் முடிச்சுப் போடுவதற்காக, ஒரு சின்னப் பெண்ணின் சில்லிட்ட விரல்கள் அவள் கூந்தலை மெல்ல ஒதுக்கின.