பிணைமண் விட்ட பிடி

காலை ஆறரைக்குத் தமயந்தி கிணற்றடிக்கு வந்தபோது வழக்கம்போல முப்பதுக்கு மேல் குடங்கள் வரிசையில் நின்றன. ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை. செம்படுகைக் குடியிருப்பில் எண் சொல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே வராது. நீர்மானியின் கம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீரில் எவ்வளவு விஷம் என்று திரையில் வரும் எண்ணைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வதுதான் தமயந்தியின் வேலை. பத்துக்குக் கீழே இருந்தால் இறைக்கலாம். பத்தைத் தொட்டால் கிணற்றுக்கு மூடி. பதினெட்டு வருஷத்தில் அந்த மூடியை யாரும் போட்டதில்லை. மூன்று, நாலு, தப்பித் தவறினால் ஐந்து, அவ்வளவுதான். அதனால் பெண்கள் பாதிப் பேர் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே குனிந்து கயிற்றை எடுத்துவிடுவார்கள்.

அன்றைக்குத் திரையில் பதினொன்று இருந்தது.

"நாலு!" என்றாள் தமயந்தி.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. போன வாரம் ஆறு வந்தபோதும் நாலு என்றுதான் சொன்னாள். முந்தாநாள் ஒன்பது வந்தது. ஒன்பதும் பத்துக்குள்தானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு நாலு என்றாள். பொய்க்கு நாக்கு பழகிவிட்டால் அதற்கு ஆளைக் கேட்க வேண்டியதில்லை. இப்போது திருத்தலாம் என்று நினைத்தாள். அதற்குள் ராட்டினங்கள் கிறீச்சிட ஆரம்பித்திருந்தன.

"ஏழு மாசத்துக்காரி நீ குனியாத, நான் ரொப்பித் தர்றேன்" என்று பக்கத்து வீட்டு ரெஜினா அவள் குடத்தையும் வாங்கி இறைத்தாள். "வயித்தப் பாரு, கூரா நிக்குது. ஆம்பளப் புள்ளதான்."

தமயந்தி சிரித்துவைத்தாள். குடத்தைத் தூக்கும்போது தண்ணீர் தளும்பியது.

"பாத்து, பாத்து! தண்ணி தானேன்னு அலட்சியமா இருக்காத" என்று கிணற்றுமேட்டில் நின்ற பச்சையம்மாள் குரல் கொடுத்தாள். குடியிருப்புச் சபையின் தலைவி அவள். ஐம்பது வயது, கழுகுக் கண். போன மாதம் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, கல்மாவு தீர்ந்துவிட்டதே என்று அரிசிமாவில் கோலம் போட்டுவிட்டாள். பச்சையம்மாள் நேரில் வந்து, கோலத்தோடு சேர்த்து ஓரங்குல மண்ணையும் சுரண்டி அள்ள வைத்துவிட்டுத்தான் போனாள்.

சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஊரின் சட்டமே அதுதான். மண்ணுக்கு எதையும் கொடுக்காதே. பாத்திரம் கழுவிய நீர், சாணி, சாம்பல், சிறுநீர், செத்த எலி எல்லாம் வாசலில் இருக்கும் கழிகலத்துக்குப் போக வேண்டும். அரசு வைத்த பெயர் கழிகலம், ஊர் சொல்வது நீல டிரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அகற்றூர்தி வந்து அள்ளிப்போகும். மனிதர் செத்தாலும் அதே ஊர்திதான், நிறம் மட்டும் வெள்ளை. கீரையும் கத்தரியும் தரையில் படாமல் உயரத் தொட்டிகளில் வளர்ந்தன. தரையில் நின்றது சவுக்கு மட்டும்தான். அது யாரிடமும் எதுவும் கேட்காத மரம்.

காரணம் காலுக்குக் கீழே இருந்தது. சிவப்பு மண்ணை ஓராள் ஆழம் தோண்டினால் சாம்பல் நிறத்தில் வரும். பழைய அனல்மின் நிலையம் ஒன்று அறுபது வருஷம் நிலக்கரி எரித்துக் கொட்டிய சாம்பல், கடற்கரை வரைக்கும். அந்தச் சாம்பலில் ஆர்சனிக் இருந்தது, ஊர் வாயில் பாஷாணம். கடல் ஏறிவந்து நிலமெல்லாம் சுருங்கிப்போன பிறகு இந்தச் சாம்பல்மேட்டையும் விட்டுவைக்க முடியவில்லை. அதன் மேல் பிணைமண்ணைப் பரப்பினார்கள். இரும்புத் துரு பூசிய களிமண். கிணற்றைச் சுற்றி இருபதடி ஆழத்துக்கு அதையே சுவராக இறக்கினார்கள். ஊறிவரும் தண்ணீரில் உள்ள ஆர்சனிக்கை அந்தத் துரு பிடித்து வைத்துக்கொள்ளும். பிடி விடாத வரைக்கும் ஊர் உயிரோடு இருக்கும்.

எப்போது விடும் என்று பயிற்சி வகுப்பில் தமயந்திக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எலும்பிலும் பாலிலும் சிறுநீரிலும் பாஸ்பேட் இருக்கிறது. ஆர்சனிக்கும் பாஸ்பேட்டும் உருவத்தில் பங்காளிகள், இரண்டுக்கும் துருவில் இடம் ஒன்றுதான். கூட்டமான பேருந்தில் புதிதாக ஏறுகிறவன் உட்கார்ந்திருப்பவனை நெருக்கி எழுப்பிவிடுவது மாதிரி, பாஸ்பேட் வந்தால் ஆர்சனிக் இறங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. மண்ணில் எதுவும் அழுகினால் அந்த அழுகல் காற்றைத் தின்றுவிடும். காற்றில்லாத மண்ணில் துருவே கரையும். கரைந்தால் பிடித்து வைத்திருந்த அத்தனையையும் மொத்தமாகத் தண்ணீரில் விடும்.

அன்றைக்கு வகுப்பில் இதை எழுதிக்கொண்டபோது தமயந்திக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. மறுநாள் வெள்ளை ஊர்தி வரும், டப்பாவில் வைத்துக் கொடுத்துவிடு என்றார் மருத்துவத்தாதி. பெரியவர்களை எரிப்பார்கள், சிசுவை யாராவது எரிப்பார்களா? அவளால் முடியவில்லை. டப்பாவில் துணிச் சுருளை வைத்து மூடிக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தன் மஞ்சள் நைலான் சேலைக் கிழிசலில் சுற்றிக் கிணற்றுக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பில் புதைத்தாள். மற்ற இடமெல்லாம் யார் கண்ணிலாவது படும். அடுப்புக்குச் சவுக்கு மிலாறு பொறுக்கப் பெண்கள் போய்வரும் இடம் என்பதால் அங்கே யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். அதோடு, பிள்ளைக்குத் தாகமெடுக்கக் கூடாது, தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் பால் கட்டியது. தாய்ப்பாலைக் கால் மிதிபடும் இடத்தில் விடக் கூடாது என்பார்கள். அதைப் போய்ச் சாக்கடையோடு நீல டிரம்மில் ஊற்றவா? பிள்ளைக்கு வந்த பாலைப் பிள்ளைக்கே ஊற்றினாள். நாற்பது நாள். கணவன் சம்பந்தத்துக்குக்கூடத் தெரியாது. எண்ணைக் காக்க வேண்டியவளே இதைச் செய்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இப்போது எண் ஏறுகிறது. அவள் குடிக்கிற தண்ணீரைத்தான் வயிற்றில் இருக்கும் இந்தப் பிள்ளையும் குடிக்கிறது. உண்மையைச் சொன்னால் வெளிக்கட்டு. குற்றம் செய்த வீடு பொழுது சாய்வதற்குள் சிவப்பு மண்ணைத் தாண்டிச் சாம்பல் வெளிக்குப் போய்விட வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன் வீரபாகு என்பவன் அரிசி கழுவிய நீரை ஊற்றி ஒரு முருங்கையை வளர்த்தான். நாலு பேர் உள்ள வீடு. பச்சையம்மாள்தான் வாசலில் நின்று அனுப்பிவைத்தாள். அடுத்த வருஷம் அவர்களில் ஒருவன் மட்டும் வேலியருகே வந்து தண்ணீர் கேட்டுக் கத்தினான். அந்தக் குரலைத் தமயந்தி இன்னும் மறக்கவில்லை. சொன்னாலும் பிள்ளை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

புதைத்ததை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். எடுத்துவிட்டால் மண் ஆறிவிடும், எண் இறங்கிவிடும்.

பதினோரு மணிக்கு ஒரு சாக்கும் சிறு மண்வெட்டியும் பிணைமானியும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். பிணைமானி என்பது மண்ணின் பிடியை அளக்கும் ஈட்டி. நூறு என்றால் முழுப் பிடி. தன் மரத்தடியில் குத்தினாள். முப்பத்தொன்று. எதிர்பார்த்ததுதான். உட்கார்ந்து தோண்டினாள். வயிறு முட்டியதால் கையாலேயே மண்ணை வாரினாள்.

மஞ்சள் துணி அப்படியே இருந்தது. பிரித்தாள். உள்ளே சிவப்பு மண். ஓர் எலும்புத் துணுக்கு இல்லை, ஒரு நகம் இல்லை. மண்ணைக் கையில் பிசைந்து பிசைந்து பார்த்தாள். பிள்ளையை மண் கரைத்துத் தன்னோடு பிடித்துக்கொண்டுவிட்டது. பிடித்துக்கொள்ள இடம் வேண்டுமே, அதற்காகப் பாஷாணத்தை இறக்கிவிட்டது. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. சத்தம் வந்தால் யாராவது வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று பார்க்க ஆறடி தள்ளிக் குத்தினாள். தொண்ணூறாவது வர வேண்டும். இருபத்தெட்டு வந்தது. கருவி பழுதோ என்று பாதையோரம் குத்திப் பார்த்தாள், தொண்ணூற்றாறு. மறுபடி தோப்புக்குள் அடுத்த மரத்தடி. முப்பது. அந்த அடியில் ஓர் உடைந்த கண்ணாடி வளையல் செருகியிருந்தது. அதற்கடுத்ததில் மூன்று கிளிஞ்சல்கள் வட்டமாக. அடுத்ததில் கரித்துண்டால் போட்ட சின்னச் சிலுவை. தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எண்ணிக்கொண்டே போனாள். பதினோரு மரத்தடி. எல்லாம் கிணற்றுப் பக்கமாக.

தாகமெடுக்கக் கூடாது என்று அவள் ஒருத்தி மட்டும் நினைக்கவில்லை.

கடைசி மரத்தடியில் மண் ஈரமாக இருந்தது. பின்னால் சருகு நொறுங்கும் ஓசை கேட்டுத் திரும்பினாள். கலைமொழி நின்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண். ஒன்பது நாளைக்கு முன்தான் அவள் வீட்டுக்கு வெள்ளை ஊர்தி வந்துபோயிருந்தது. முந்தானைக்குள் ஒரு தம்ளரை மறைத்துப் பிடித்திருந்தாள்.

"யக்கா, சும்மா மிலாறு பொறுக்க வந்தேன்" என்றவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சொல்லிடாதக்கா. வெளிய அனுப்பிடுவாங்க. ஒரு தம்ளர்தான். அதுக்கே நீ ஈட்டிய எடுத்துக்கினு வந்துட்டியா?"

"உன்னப் பாக்க வரல கலை" என்றாள் தமயந்தி. கையில் இருந்த மஞ்சள் துணியை நீட்டினாள். "இது என்னுது."

கலைமொழிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் தம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அப்ப இதுனாலதான் எம் புள்ள போச்சா? உங்களுதெல்லாம் இங்க இருந்துதான் தண்ணிக்கு வந்துச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

அது பொய்யில்லை. கலைமொழி வயிற்றில் சுமந்த மாதங்களில் எண் நாலுக்குள்தான் இருந்தது. ஆனால் நாலு என்பதும் சுத்தமில்லையே. எத்தனை வருஷமாக ஒருத்தி புதைத்தது இன்னொருத்தியின் குடத்துக்கு வந்ததோ, அவள் புதைத்தது அடுத்தவள் குடத்துக்குப் போனதோ. அப்படி நினைத்த கணத்தில் தமயந்தியின் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டு உதைத்தது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்றைக்கு அந்த உதையே பயமாக இருந்தது.

மாலை ஐந்தரைக்கு இரண்டாம் முறை இறைப்பு. குடங்கள் வரிசையாக வந்தன, சம்பந்தமும் தொட்டித் தோட்டத்திலிருந்து வந்து ஓரமாக நின்றான். தமயந்தி கம்பியை இறக்கினாள். ரெஜினா பேசிக்கொண்டே கயிற்றை எடுத்தாள்.

"பன்னெண்டு!" என்று தமயந்தி கத்தினாள்.

கயிறு ரெஜினாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. பச்சையம்மாள் வேகமாக இறங்கி வந்தாள். "இன்னாம்மா சொல்ற? காலைல நாலுன்ன?"

"காலைல பதினொன்னு. பொய் சொன்னேன். அதுக்கு முன்னயும் பொய்தான். பயந்துட்டேன்." நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னாள். "எம் மொதப் புள்ளய லாரில அனுப்பல. சவுக்குத் தோப்புல பொதச்சேன். பாலும் ஊத்தினேன். எங்க வீட்ட வெளிய அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா இந்தத் தண்ணிய இனிமே யாரும் குடிக்காதீங்க."

சம்பந்தம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பச்சையம்மாள் இப்போது கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

பச்சையம்மாள் கத்தவில்லை. "எந்த மரம்?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"நாலாவது."

"மொத மரம் என்னுது" என்றாள் பச்சையம்மாள். சொல்லிவிட்டுக் கிணற்றுப்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பதினாறு வருசம் ஆச்சு. நான் ஒருத்தி செஞ்சதுதானேன்னு இருந்துட்டேன். அத மறைக்கத்தான் ஊரையே வெரட்டிக்கினு இருந்தேன். வீரபாகு வூட்ட..."

"சிலுவ என்னுது" என்றாள் ரெஜினா. கிளிஞ்சலுக்கு ஒருத்தி கையைத் தூக்கினாள். பிறகு வளையலுக்கு. தூக்காத சிலர் தரையைப் பார்த்தார்கள். அவர்களுடைய கணவன்மார் அவர்களைப் பார்த்தார்கள். பதினோரு வீட்டை வெளியே அனுப்பினால் மிச்சம் இருக்கும் ஊர் எது என்று யாரோ கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பச்சையம்மாள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டா கெணறு சரியாயிடுமா?" என்றான் சம்பந்தம். பேச்சு ஊருக்கு, கண் அவள் வயிற்றில்.

"எடுக்க அங்க ஒன்னுமில்ல. மண்ணாத்தான் இருக்கு. அந்த மண்ண ஆளாழத்துக்கு வெட்டி அனுப்பிட்டுப் புது மண்ணு போடணும். தண்ணில எறங்கினத மறுபடி மண்ணு புடிக்க மூணு வருசம் ஆவும், அஞ்சும் ஆவலாம். அதுவரைக்கும் டேங்கர்தான்." தமயந்தி நிறுத்தினாள். "குடிச்சது ஒடம்புல தங்கிச்சான்னு நகம், முடி வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். எனக்கும்தான்."

நாலு ஆண்கள் இரும்பு மூடியைத் தூக்கிவந்து கிணற்றின் மேல் வைத்தார்கள். பதினெட்டு வருஷத்துத் துரு அதன் விளிம்பிலிருந்து உதிர்ந்தது. குடங்களை வெறுமனே எடுத்துக்கொண்டு போக யாருக்கும் மனம் வரவில்லை, அங்கேயே நின்றார்கள்.

அப்போது கலைமொழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக அழுத்திக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து, சேலை மடிப்பு வழியாக ஈரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"யக்கா, கட்டிக்கிச்சு. வலி தாங்க முடியல" என்றாள். "இன்னிக்கி இத நான் எங்க ஊத்தட்டும்?"

சட்டம் தெரிந்த தமயந்தியும் சட்டத்தைக் காத்த பச்சையம்மாளும் உட்பட அத்தனை பேரும் கலைமொழியின் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு கீழே விழுந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயமாக இருந்தது.