சின்னுவின் டிரைவ்

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், கம்ப்யூட்டர் மெக்கானிக் அந்தப் பழைய மாடிவீட்டின் மணியை அடித்தார். ஊருக்கே அவர் ‘ஒயர்’. தன் கை பட்டால் செத்த மதர்போர்டுகூட எழுந்து வணக்கம் சொல்லும் என்று சத்தியம் பண்ணுவார்.

கதவைத் திறந்த பெரியவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“கிளிக் பண்ணிட்டுக் குளிக்கப் போறேன் தம்பி. குளிச்சு, தலை துவட்டி, இவகூடச் சண்டை போட்டு, சமாதானமாகி வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு!”

“ஆறே நிமிஷத்துல சரி பண்ணிடறேன் சார்.”

ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வீடியோ, பாட்டு எல்லாம் மாடிப்படிக்கு அடியிலுள்ள சேமிப்புப் பெட்டியில். அதைத் திறக்கத்தான் இந்தத் தவம். சோபா ஓரத்தில் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். திரையில் வட்டம் சுற்றியது. அந்த அம்மாவின் கண்ணும் கூடவே சுற்றியது.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “பையன் வீடியோவுக்காக நாள் பூரா இப்படியே. சீக்கிரம் திறந்தாலாவது பார்த்துட்டு ஒரு வாய் சாப்பிட வருவா. எட்டு மாசத்துல பாதியாயிட்டா.”

ஒயர் கேபிளை மாற்றினார். ரூட்டரை அணைத்துப் போட்டார். அசையவில்லை. கடைசியில் டிரைவ் பட்டியலைப் பார்த்தார். ஒன்றின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பெயர்: சின்னு.

“சிக்கிட்டான் வில்லன்!” என்று கையைத் தட்டினார். “யாரோட லேப்டாப்பையோ இதோட இணைச்சிருக்கீங்க. நீங்க எதைத் திறந்தாலும் இது முதல்ல அதைக் கூப்பிடுது. வரும் வரும்னு காத்திருந்து, பதில் வரலைன்னதும்தான் உங்க வேலையைப் பார்க்குது.”

யாரும் சிரிக்கவில்லை.

“சின்னு எங்க பையன்,” என்றார் பெரியவர். “பாலத்துலேருந்து கார் விழுந்துச்சு. அவனை எடுத்தாங்க. லேப்டாப் இன்னும் ஆத்துக்குள்ளதான் கிடக்கு.”

ஒயர் தட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

அந்த அம்மா முதன்முறையாகத் திரும்பினார். “அப்ப இதுவும் அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா?”

“வெட்டிடுங்க தம்பி,” என்றார் பெரியவர்.

“வேணாங்க.”

“போதும்மா. அவன்தான் போயிட்டான். நீயாவது எனக்கு வேணும்.”

அந்த அம்மா உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒயர் ‘துண்டி’ என்பதை அழுத்தினார்.

திரையில் ஒரு கேள்வி வந்தது.

‘இந்த இணைப்பில் ஒரு ஃபைல் பயன்பாட்டில் உள்ளது. துண்டிக்கவா?’

மாடிப்படிக்கு அடியில், யாரும் கேட்காமலே, பெட்டியின் டிஸ்க் ஓட ஆரம்பித்தது.

டிக். டிக். டிக்.

எங்கிருந்தோ சேற்றுத் தண்ணீரின் வாடை.

“யாரு ஓப்பன் பண்ணியிருக்காங்க?” என்று கேட்டார் ஒயர். எந்த ஃபைலை யார் படிக்கிறார்கள் என்று பெட்டி காட்டும் பக்கத்தைத் திறந்தார். ஒரே ஒரு வரி.

படிப்பவர்: சின்னு. ஃபைல்: அம்மா 1.

“இது என்னம்மா?”

“நான் பேசினது. தினமும் அவன்கிட்ட பேசி, பதிவு பண்ணி, இந்தப் பெட்டியில அவன் பேர் போட்ட ஃபோல்டர்ல வைப்பேன். அவன் பேர் இருந்துச்சே… அவனுக்குப் போய்ச் சேரும்னு நினைச்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” என்றார் பெரியவர்.

“நீங்க அழுவீங்க.”

அழுதார். அப்படியே தரையில் உட்கார்ந்து, மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

“வெட்டாதீங்க தம்பி,” என்றார் பிறகு.

ஒயர் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார்.

டிஸ்க் நின்றது. அந்த வரி அழிந்தது. பக்கம் வெறுமையாக இருந்தது.

அந்த அம்மா திரையை நோக்கிக் குனிந்தார். “போயிட்டானா? இன்னும் இருநூத்துச் சொச்சம் இருக்கே…”

டிக்.

படிப்பவர்: சின்னு. ஃபைல்: அம்மா 2.