ஒரே ஒரு எலி

எட்டுப் பசை அட்டைகளில் ஒன்றில்கூட ஒரு கரப்பான் குஞ்சு ஒட்டியிருக்கவில்லை. இரஞ்சிதத்துக்கு அது பிடிக்கவில்லை. ஜாலான் புசார் தெருவில் பழைய மளிகைக் கடை, கீழே மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும், மேலே பலகைச் சீலிங். போன வாரம் இதே சீலிங்கிலிருந்து எலிப் புழுக்கையைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளியவள் அவள்தான். இன்றைக்கு ஓர் எறும்புகூட இல்லை. பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் பதினொரு வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியும், தீனி கிடைக்கிற இடத்தை எலி சும்மா விட்டுப் போகாது.

கடைக்காரர் வேலாயுதத்துக்கு அதெல்லாம் எங்கே ஏறும்? "எலியும் மாட்டல, ஒண்ணும் மாட்டல. சும்மா அட்டைய வச்சு எண்ணிக்கிட்டு இருக்கே. மருந்த அடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

"எடுத்தவுடனே மருந்து அடிக்க மாட்டோம் அண்ணே. எங்கேருந்து வருதுன்னு பாக்கணும், ஓட்டைய அடைக்கணும், பொறி வைக்கணும். மருந்து கடைசிதான்."

"கத விடாதம்மா. உன் பாஸ்கிட்ட மறுபடியும் கம்ப்ளெயின் பண்ணட்டா?"

ஏற்கனவே இரண்டு தடவை பண்ணியாயிற்று. காலையில்தான் மேற்பார்வையாளர் உமைர் போனில் கத்தியிருந்தார்: "ஒரு எலியாச்சும் புடிச்சு போட்டோ அனுப்பு லா. இல்லேன்னா நாளைக்கு யூனிஃபார்ம குடுத்துட்டுப் போயிடு." வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். ஒரே ஒரு எலி கிடைத்தால் போதும். சீலிங்குக்குள் தனியாக ஏறக்கூடாது, கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது கம்பெனி விதி. வேலாயுதம் ஏணியைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டுக் கல்லாவுக்குப் போனார். நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சதுரத் திறப்புக்குள் ஏறினாள்.

வெளியே மூன்று மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது; உள்ளே அடுப்படி போலப் புழுங்கிய இருட்டில், கீழிருந்து ஏறிவரும் மிளகாய்க் காரமும் பழைய மரத்தின் புளித்த வாடையும் தொண்டையைப் பிடிக்க, எப்போதும் மூக்கைத் துளைக்கிற எலி மூத்திர நாற்றம் மட்டும் இல்லாமல், பலகைகள் துடைத்துவைத்த மாதிரிப் பளிச்சென்று கிடந்தன. டார்ச்சை மெல்லத் திருப்பினாள்.

எலி!

நாலடித் தூரத்தில், செத்துக் கிடந்தது. நல்ல கொழுத்த எலி. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முழங்காலில் தவழ்ந்து போய் எடுத்துப் பைக்குள் போட்டாள். அதைத் தாண்டி இன்னொன்று. அதையும் எடுத்தாள். அதற்கப்பால் மூன்றாவது. வேலாயுதத்தின் மூஞ்சியில் மூன்றையும் விட்டெறிய வேண்டும் என்ற வெறியில் மேலும் தவழ்ந்தாள்.

மூன்றாவதைத் தொடப் போகும்போதுதான் உறைத்தது. எலிகள் சமமான இடைவெளியில் கிடந்தன. எல்லாமே தலையை உட்பக்கம் வைத்து. அவள் நெத்திலிக் கருவாட்டை வரிசையாக வைப்பாளே, எலியைப் பொறிவரை இழுத்துப் போக, அப்படி.

கையைப் பின்னுக்கு இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கையின் கீழே பலகை முழுக்கப் பசை. கையுறைக்குள்ளும் கசிந்து தோலைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே!"

பின்னால், திறப்பில், உஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். எலி ஓட்டையை அடைக்க அவள் அடிக்கிற அதே நுரை. மஞ்சளாக, விளிம்பிலிருந்து உப்பி உப்பி வந்தது. வெளிச்சம் ஒரு தட்டளவு. ஒரு காசளவு. போயிற்று.

"வேலாயுதம் அண்ணே! நான் உள்ள இருக்கேன்!"

கீழே அவர் குரல் கேட்டது. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணா? போயிடுச்சே. இப்பதானே எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு."

இரஞ்சிதம் இடது கையிலிருந்த டார்ச்சை முன்னால் திருப்பினாள். எலிக்கு அப்பால் தரை வெள்ளையாக இருந்தது. மாவு. எலித் தடம் பார்க்கத் தூவுகிற மாவு. மெல்லிசாக, சீராக, சுவர்வரை.

அதில் கைத்தடங்கள். மனிதக் கைகள். பெரியவை, சின்னவை. எல்லாம் உட்பக்கம் போனவை. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மூச்சை அடக்கினாள்.

சுவரோரம், மாவின் மேல், புதிதாக ஒரு தடம் பதிந்தது. அதன்மேல் ஒன்றுமே நிற்கவில்லை. அகலமாக இருந்தது. விரல்கள் இல்லை. பலகை முனகியது.

அதற்கு முன்னால் இன்னொன்று பதிந்தது. அவளை நோக்கி.